நாற்பத்தைந்து மெகாபிக்சலில் ஒரு கோட்டு

1

நாற்பத்தைந்து மெகாபிக்சல் கமரா கிளிநொச்சியில் என் ஸ்ரூடியோவுக்கு வந்த அன்று, அதன் பெட்டியைக் கூட எறியாமல் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். கலியாணத்துக்கு ஓடர் கொடுக்க வருகிறவர்கள் நாளைச் சொல்லுமுன்னமே "உங்கடை கமரா எத்தினை பிக்சல்?" என்று கேட்கிற காலம் இது. "நாப்பத்தைஞ்சு" என்று சொல்லும்போது என் குரல் தானாகவே தடித்துவிடும். முப்பது வருடம் படம் எடுத்தவனுக்கு வரக்கூடாத தலைக்கனம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அல்பத்தின் பெரிய பக்கத்துக்குப் பன்னிரண்டு மெகாபிக்சல் தாராளம். போனில் பார்க்க இரண்டு போதும். மிச்சமெல்லாம் ஹாட்டிஸ்க்கை நிரப்பத்தான். இது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிழை விட்டேன்.

2

கமரா வந்து ஒரு கிழமைக்குள் புவனா கடைக்கு வந்தா. அவவின் கணவர் யோகன் இரணைமடுக் குளத்தில் மீன் பிடித்தவர். நெஞ்சுவலி வந்து செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்குப் பிரேம் போட்ட படம் வேண்டும் என்று தன் பழைய போனை நீட்டினா.

படத்தில் யோகன் குளக்கட்டில் இருக்கிறார். சேட்டில் ஒரு பொத்தானும் பூட்டவில்லை. இரண்டு கையிலும் ஒரு பெரிய விரால். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறார்.

"ஆர் எடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் அண்ணை. எனக்குப் போன் பிடிக்கத் தெரியேல்லையெண்டுதான் சிரிக்கிறார்."

இரண்டு விரலால் முகத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். சதுரம் சதுரமாக உடைந்தது. "பாருங்கோ தங்கச்சி, ரெண்டு மெகாபிக்சல். இதை வைச்சு ஒண்டும் செய்யேலாது. ஐசி இருக்கோ?"

"ஐசி இருக்கு. ஆனா எனக்கு இந்தப் படம்தான் வேணும்."

"மீனோடையோ சுவரிலை கொழுவப்போறியள்?" என்று பகிடி விட்டேன். புவனா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஐசியை, யோகனின் அடையாள அட்டையை, எடுத்து மேசையில் வைத்தா.

இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகளுக்கு, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தே வளர்ந்த கடை என்னுடையது. ஆண் என்றால் கோட்டும் டையும் போட்டுவிடுவோம். கொம்பியூட்டரில் ஆறு கோட்டுகள் தயாராக இருந்தன. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அட்டையைப் புதுக் கமராவால் எடுத்தேன். நாற்பத்தைந்து மெகாபிக்சலும் வந்தது. அட்டையின் கீறலும் ஊத்தையும் அச்சொட்டாக விழுந்திருந்தன. முகம் மட்டும் அந்தச் சின்னப் படத்தில் இருந்த அளவுதான் வந்தது. இல்லாததை எந்தக் கமராவும் எடுக்காது. கீறலை வழித்தேன், கன்னத்தை மினுக்கினேன், நீலக் கோட்டைப் போட்டேன். வேலை திறம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

3

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு என்னையும் சொல்லியிருந்தா. போனேன். படம் மாலையோடு நடுச்சுவரில் தொங்கியது. வாயை இறுக மூடிக்கொண்டு, கோட்டும் டையுமாக ஒரு மனிதர். வங்கி மனேச்சர் மாதிரி இருந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது புவனா கிட்ட வந்தா. "அண்ணை, குறையாச் சொல்லுறனெண்டு நினைக்காதேங்கோ. அவரோடை குளத்துக்குப் போற ஆக்களே இதார் எண்டு கேக்கினம்." படத்தைத் திரும்பிப் பார்த்து, "எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு" என்றா.

அப்போதுதான் வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்தேன். ஒன்பது அடி தூரம். எட்டுக்குப் பத்து அங்குலப் படத்துக்கு இரண்டு மெகாபிக்சலே போதும். அங்கிருந்து பார்க்கிற எவருக்கும் ஒரு சதுரமும் தெரிந்திராது.

"அந்தப் போன் படத்தைத் தாங்கோ தங்கச்சி. மீனோடையே நாளைக்குச் செய்து தாறன்."

"போன் போன கிழமை பழுதாப் போச்சு அண்ணை. திருத்தக் குடுக்க, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் தந்தவங்கள்."

"ஆருக்கும் அனுப்பினனீங்களோ?"

"இல்லை. உங்களுக்குத்தான் முதல் காட்டினனான்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவ்வளவு வெட்கம். சொல்லிக்கொள்ளாமலே மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த நாள் அந்த ஆறு கோட்டுகளையும் அழித்தேன். இப்போது யார் எந்தப் போனைக் கொண்டுவந்தாலும் முதலில் கேபிளைக் கொழுவிப் படத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் கதைப்பேன். எத்தனை பிக்சல் வேண்டும் என்று கேட்கிற இளையவர்களிடம், படம் எந்தச் சுவருக்கு, பார்க்கப்போவது யார் என்று திருப்பிக் கேட்பேன்.

அன்று யோகனின் அந்தச் சிரிப்பைப் போனிலிருந்து கொப்பி பண்ண அரை நிமிடம் போதுமாக இருந்தது. பகிடி விடுவதற்கு நான் அதைவிடக் கூட நேரம் எடுத்திருப்பேன்.