வெள்ளித் தகட்டைத் தொட்ட கை

என் கணவரை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தவள் நான்தான். கேட்டீர்களா? வேறு யாருமில்லை, நானேதான்!

அவர் பாலக்காட்டில் கல்லூரி வாத்தியார். கல்பாத்தியில் எங்கள் ஆத்துப் பின்கட்டில் ஒரு கண்ணாடிக் குழாயை அமைத்து, பாட்டரியும் கம்பிச்சுருளும் கொண்டு அணுத்துகள்களை விரட்டி, நியூட்ரானைப் பிறப்பிக்கப் பாடுபட்டார். அதற்கு வேண்டிய கனநீர் சீமையிலிருந்து வந்தது, ஒரு சிமிழளவு. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பெண்தானே என்று அவர் என்னை விலக்கவில்லை. எதிரில் உட்கார்த்தி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்த மனசு யாருக்கு வரும்! நியூட்ரான் பட்ட வெள்ளித் தகடு கொஞ்ச நேரம் கதிர் வீசும். பக்கத்திலிருக்கும் எண்ணும் கருவி டிக், டிக் என்னும். தகட்டை வைப்பது என் வேலை. "மடியா இருக்கிற கை. இதைவிடச் சுத்தம் எது?" என்பார்.

தேர்த்திருவிழா வந்தது. வாசல் காஸ் லைட்டில், எரிந்து சாம்பலாகிப்போன பழைய மாண்டில் வலையை உதிர்த்துவிட்டுப் புதியது கட்டினேன். குளித்து மடியுடுத்தித்தான் அதையும் செய்தேன்; ஸ்வாமி வரும்போது எரியும் விளக்கல்லவா! விரலில் வெள்ளைச் சாம்பல்... விபூதி மாதிரிதானே என்று தேய்த்துவிட்டுத் தகட்டை எடுத்து வைத்தேன்.

கருவி பொரிந்து தள்ளியது! நியூட்ரான் கிடைத்துவிட்டதென்று அவர் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து, மிச்சக் கனநீரையும் அவர் முன்னால் செலவழித்தார். அதே தகடு. வந்தவர் குழாயை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி வெகுநேரமாகியும் சத்தம் அடங்கவில்லை. தகட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது, நியூட்ரானே இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். தெருவே சிரித்தது.

மறுநாள், விரலில் ஒட்டிய அந்தச் சாம்பல் நினைவுக்கு வந்து, தனியாக மாண்டிலைக் கருவியருகே கொண்டுபோனேன். டிக், டிக்... மாண்டிலில் இருக்கும் தோரியம் தானாகவே கதிர் வீசும்.

ஏன் சொல்லவில்லை? அவர் கோபிப்பார் என்றா? ஒருநாளும் கோபித்ததில்லையே! அந்த அறையைவிட்டு என்னை வெளியே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவ்வளவுதான். அவ்வளவு அற்பம் நான்.

"என் அவசரம்தான். நீ கூட நின்னியே, அது போறும்" என்றார். கனநீர் மறுபடி கிடைக்கவேயில்லை. ஆனாலும் எனக்குப் பாடம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. இன்று நான் படிக்கும் ஒவ்வொரு வரியும் அவர் போட்ட பிச்சை.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது திடீரென்று கேட்டார்: "அந்தத் தகட்டிலே என்னதான் ஒட்டிண்டிருந்திருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.