கழுதை தூக்கிவந்த பலகை

போன மாதம் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். நம்பர் கொடுக்கிற பெண் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விட்டாள். அவள் மேசையில் இருந்த கம்பியூட்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, மங்கியது, பிறகு ஒரேயடியாகக் கறுத்துப்போனது. நான் எழுந்து போய் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவள், "என்னா தாத்தா, அதுல என்னா தெரியுது?" என்றாள்.

"கழுதை வரும்னு பாத்தேன் மகள்."

"நீங்க முழங்காலுக்குத்தானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு என் நம்பர் துண்டை இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கழுதையைப் பற்றித் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை. உங்களுக்காவது சொல்லி வைக்கிறேன்.

தலவாக்கலை பஜாரில் கலர் திரை வைத்த கம்பியூட்டரைக் கடையில் கொண்டுவந்து வைத்த முதல் ஆள் நான்தான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புல்லு வெட்டினேன், பேக்கரியில் மாவு பிசைந்தேன், பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்துக்கொண்டேன். பிறகு டெலிபோன், போட்டோகொப்பி, டைப்பிங் எல்லாம் செய்கிற ஒரு கொமினிகேஷன் கடைக்கு முதலாளி ஆனேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலத்துத் திரை சூடேறினால் ஒரு வாசனை வரும், வெயிலில் காய்ந்த தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. அந்த வாசனையை நினைத்தால் கூடவே பச்சைத் தேயிலைக் கொழுந்தின் கறை வாசனையும் வந்துவிடுகிறது. அது புஷ்பத்தின் கையிலிருந்து வரும். புஷ்பம் என் பெண்சாதி. நான் முதலாளி ஆன பிறகும் அவள் கொழுந்து பறிக்கப் போவதை விடவில்லை. நாங்கள் இருந்ததும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான். சாயந்தரம் கொழுந்தின் கடைசி நிறுவை முடிந்ததும், செடி ஈரத்துக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு பஜாருக்கு இறங்கி வருவாள், என்னைக் கூட்டிக்கொண்டு போக.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்த ஒரு வாத்தியார் பரீட்சைத் தாள் அடிக்கக் கடைக்கு வருவார். ஒருநாள் ஒரு சீடியோடு வந்தார். "அண்ணை, ஒரே படம் கனநேரம் நிண்டால் திரையில தழும்பு விழும். உதுக்கு ஒரு வேடிக்கை கொண்டு வந்திருக்கிறன், இருங்கோ," என்றார். நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நிறைந்தது. நிறைந்து முடிந்ததும் அது மூன்று கேள்வி கேட்டது. எந்த மிருகம் வேண்டும், எத்தனை நிமிடம் கை வைக்காமல் இருந்தால் வர வேண்டும், மிருகம் தூக்கிப் பிடிக்கிற பலகையில் என்ன எழுத வேண்டும்.

"அஞ்சு நிமிசம்னு போடுங்க சேர். என் கை சும்மா இருந்தாத்தானே அது வரும்," என்றேன். மிருகத்தைத் தெரிவு செய்தது, அந்நேரம் என்னைக் கூப்பிட வந்திருந்த புஷ்பம். "கழுதையப் போடுங்க. ஓயாம சொமக்குற ஆளுக்கு அதுதான் தோது." எங்கள் மலையில் கழுதை கிடையாது. திட்டுவதற்கு மட்டும்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தோம். வாத்தியார் சிரித்து முடித்து, "அக்கா, பலகையில என்ன எழுதுவம்?" என்றார்.

புஷ்பம் யோசிக்கவே இல்லை. "நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க."

அந்தப் பலகை தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. அதனால் அவள் சொன்னதையே வாத்தியார் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டுப் போனார்.

கழுதை பின்பக்கமாகத்தான் திரைக்குள் வரும். நடுவில் உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறியும், சொறிகிற வேகத்தில் குப்புற விழும், எழுந்து வெட்கத்தோடு பலகையைத் தூக்கிப் பிடிக்கும். எதையாவது தொட்டால் போச்சு, மறைந்துவிடும். அதனால் புஷ்பம் வந்ததும் முதல் வார்த்தை, "கைய எடுங்க." கறை படிந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். நானும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கழுதை விழும்போது தினமும் புதிதாகப் பார்க்கிற மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். பலகை வந்ததும் விரலை நீட்டி, "நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க," என்று படிப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, மனப்பாடம்தான். "கழுதையே சொல்லிருச்சு. எந்திரிங்க."

"நீ முன்னுக்குப் போ புள்ள. ரெண்டு வேலை கெடக்கு, முடிச்சிட்டு வாறேன்."

அவள் பனிக்குள் தனியாக ஏறிப்போவாள். நான் போய்ச் சேரும்போது சோறு ஆறியிருக்கும்.

ஒருநாள் கந்தோர்க்காரர், ஆபீஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொப்பி எடுக்க வந்து நிற்கும்போது கழுதை வந்துவிட்டது. அவர் பலகையைப் படித்துவிட்டு, "என்ன முதலாளி, வீட்டுல தேடுறாங்க போல," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. முதலாளி அல்லவா. அவர் போனதும் அந்த வரியை அழித்தேன். கடையின் பெயரையும், கலர் பிரிண்ட் உடனே எடுத்துக்கொடுக்கப்படும் என்பதையும் இரண்டு வரியில் அடித்தேன்.

அன்று சாயந்தரம் புஷ்பம் வந்தாள். "கைய எடுங்க," என்றாள். கழுதை வந்தது, விழுந்தது, பலகையைத் தூக்கியது. அவள் விரலை நீட்டி, "நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க," என்று படித்தாள்.

வரியை மாற்றிவிட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை. அந்த மழைக்காலம் முழுதும் அவள் என் விளம்பரத்தைக் காட்டி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள், நான் வாய் திறக்கவில்லை.

அந்த மழையிலேயே அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நனைந்துகொண்டே வேலைக்குப் போனாள், நனைந்துகொண்டே கடைக்கு வந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூச்சு விசில் மாதிரி இருந்தது. பகலில் பார்க்கப் போனேன்.

"கடைய யாரு பாக்குறா?"

"பூட்டிட்டேன் புள்ள."

போர்வையை நெஞ்சுவரைக்கும் இழுத்துக்கொண்டாள். பிறகு, "ஏங்க, நான் சொன்னது ஒரு வரி. பலகையில இப்ப ரெண்டு வரி இருக்குல்ல," என்றாள்.

"தெரிஞ்சுமா அப்படியே படிச்ச?"

"நீங்க கைய எடுத்துட்டு எம் பக்கத்துல குந்துறது அந்த அஞ்சு நிமிசந்தான். அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்."

நாலாம் நாள் அவளை லயத்துக்குக் கொண்டுவந்தோம், பெட்டியில்.

காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்று, யார் உதவியும் இல்லாமல் நானே அந்தப் பழைய வரியை எழுத்தெழுத்தாக அடித்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுதை வந்தது, காதைச் சொறிந்தது, விழுந்தது. சிரிக்க ஆளில்லை. பலகையை நான் படித்தேன். என் குரலில் அது சரியாக வரவில்லை.

பிறகு ஒரு இடிமழையில் மின்னல் பாய்ந்து அந்த மெஷின் கருகிவிட்டது. வாத்தியார் ஏற்கெனவே ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் விட்டுப்போன சீடி புது மெஷினில் ஏறவில்லை. ரிப்பேர்காரரிடம் கேட்டேன். இந்தக் காலத்துத் திரையில் தழும்பு விழாதாம், அதனால் அந்த வேடிக்கையெல்லாம் தேவையில்லையாம், தானே அணைந்துகொள்ளுமாம்.

இப்போது நாலரைக்கே கடையைப் பூட்டிவிடுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறேன். ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன்.