வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டுபோன அரிசி

“லடாக், 1979. வெந்நீர் ஊற்று.” ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறம் மாமாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. படத்தில் கல்லும் மணலுமாக ஒரு பள்ளத்தாக்கு, தரையிலிருந்து எழும் ஆவி, அந்த ஆவிக்குள் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள். முகம் தெரியவில்லை. எழுதிய மையோ ஜெல் பேனா நீலம். 1979இல் எங்கள் காக்ஸ் டவுன் கடைகளில் அப்படி ஒரு பேனாவை நான் பார்த்ததில்லை. பிற்பாடு எழுதியிருக்கலாம் என்று சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் எதையும் தேதி போட்டுக் குறித்துவைக்கிறவனுக்கு இந்தப் படம் தொண்டையில் நின்ற மீன்முள் போலத்தான்.

மாமா என் அக்காவின் கணவர். அடுகோடியில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன் ஒரு ரோடு காண்ட்ராக்டரிடம் லடாக்கில் லாரி ஓட்டியதாகச் சொல்வார். ‘சொல்வார்’ என்றுதான் என்னால் எழுத முடியும். குளிரில் டீசல் உறைந்து டாங்கிக்கு அடியில் தீ மூட்டிய கதையை நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோது அப்படிச் செய்வது உண்டு என்று தெரிந்தது. ஹாரன் அடித்துக் கரடியை விரட்டிய கதையை இன்றும் நம்பவில்லை. இவற்றுக்கு நடுவில் இருந்தது வெந்நீர் ஊற்றுக் கதை: அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் அரை நாள் நடந்துபோய், அரிசியைத் துணியில் கட்டி ஊற்றில் இறக்கி, பூப்போல வெந்த சோற்றைத் தின்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்து பிரியாணிக்கு உட்காரும்போதெல்லாம் இந்தக் கதை வரும்.

1996இல் அக்காவின் விரல்கள் மடங்கத் தொடங்கின. அவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. மருந்தால் அடக்கிவைக்கலாம், அடியோடு போகாது என்றார் டாக்டர். அன்று சாப்பாட்டு மேசையில் மாமா, “அந்தத் தண்ணியில ஒரு தடவ கைய வையி டீச்சரம்மா, அப்புறம் பாரு,” என்றார்.

“கல்யாணமான நாள்ல இருந்து இதத்தான் சொல்றீங்க. கூட்டிட்டுதான் போங்களேன்.”

எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. மறு வருடம் டெல்லிக்கு ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. மூச்சு முட்டும் அந்த உயரத்துக்கு, அங்கே போனாரா என்பதே நிச்சயமில்லாத ஒரு மனிதரை நம்பி இவள் கிளம்புகிறாள். நானும் வருகிறேன் என்றேன். “வா மச்சான், போலீஸ் இல்லாம எப்படி?” என்றார் மாமா.

அக்கா பொன்னி அரிசியும் ஒரு வெள்ளைத் துணியும் ஊறுகாயும் எடுத்துவைத்தாள். அடுப்பு வேண்டாம், ஊற்று இருக்கிறதே என்றாள். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் போதிய சூடேறும் முன்பே கொதித்துவிடும், அரிசி சரியாக வேகாது என்று படித்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் என் பையில் ரொட்டியை வைத்துக்கொண்டேன். சோறு வேகாவிட்டால் கதை பொய். எனக்கு அதுவே போதுமான சாட்சி.

1997 ஆகஸ்டில், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்தோம். மரம் என்று பெயருக்கு ஒன்றுகூட இல்லை. வெயில் தோலை எரித்தது, நிழலில் நின்றால் குளிர் கடித்தது. அக்கா புடவைமேல் ஸ்வெட்டரும் காலில் கான்வாஸ் ஷூவுமாக, நாலு எட்டுக்கு ஒரு முறை நின்று நின்று வந்தாள். பாதை பிரியும் இடத்தில் மாமா இடதுபக்கம் போனார், கொஞ்ச தூரத்தில் நின்றார், திரும்பி வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இந்தியில் வழி கேட்டார்.

“என்ன மாமா, வந்த இடமாச்சே?”

“அப்ப ரோடு இந்தப் பக்கம் இருந்துச்சுடா.”

ஒரு மேட்டில் ஏறும்போது சட்டென்று, “இப்ப அழுகின முட்ட நாத்தம் வரும் பாரு,” என்றார். வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஜெயித்த பார்வை. ஆனால் கந்தக ஊற்று அப்படித்தான் நாறும் என்று ஒரு புத்தகத்திலிருந்து அவர்களுக்குப் படித்துக்காட்டியவனே நான்தான்.

மேட்டைத் தாண்டினால், வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் படிந்த தரையில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மாமா அரிசி கட்டிய துணி மூட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அக்கா சற்றுத் தள்ளி, ஊற்று நீர் ஓடி ஆறிய வாய்க்காலில் இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். நான் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து எடுத்துப் பிரித்தபோது அரிசி ஊதியிருந்தது. வாயில் போட்டேன், நடுவில் நறுக்கென்றது. “வேகலையே மாமா!” என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியிருக்க வேண்டாம்.

அவர் ஒரு பருக்கையை எடுத்து மென்றார். அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். “அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. பசி, தின்னுட்டோம். அரவேக்காடுன்னு உள்ளதச் சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?”

அது அப்போதைக்குத் தோன்றிய சமாளிப்பா, பல வருடங்களுக்குப் பிறகு வந்த உண்மையா? அவர் முகத்தில் தேடினேன், ஆவிதான் தெரிந்தது. அக்கா சோற்றில் ஊறுகாயைப் போட்டுத் தன் கையாலேயே பிசைந்தாள். விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. மூன்று உருண்டை பிடித்து முதல் உருண்டையை மாமாவிடம் நீட்டினாள். நான் ரொட்டியை வெளியே எடுக்கவில்லை.

ஊர் திரும்பியபின் கொஞ்ச காலம் கரும்பலகையில் எழுதினாள். பிறகு விரல்கள் பழையபடி மடங்கிவிட்டன. அந்தக் கொஞ்ச காலம் தண்ணீரால் வந்ததா, டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரையால் வந்ததா, தெரியாது. மாமா 2004இல் போய்ச் சேர்ந்தார்.

படம் இப்போது அக்கா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் சட்டத்துக்குள் இருக்கிறது. போன வாரம் அதை வெளியே எடுத்து இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று கேட்டேன். “உனக்கெல்லாம் ஆண்டவர் உயிர்த்தெழுந்தாலும் ரசீது வேணும்டா,” என்றாள்.

அவளிடம் நான் இதுவரை ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. நாங்கள் மூன்று பேரும் போனதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. காமிரா என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசியைப் பார்த்துக்கொண்டு மறந்துவிட்டேன். எங்களிடம் இருப்பது மாமாவின் அந்த ஒரு படம்தான். அதில் முதுகைக் காட்டி நிற்பவர் அவர்தானா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.