அண்ணனின் ராணி

வரப்புத் தகராறுக்குப் பிறகு அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் காத்திருக்கும்போது, பழக்கதோஷத்தில் செஸ் மட்டும் ஆடுவோம். அண்ணன் எப்போதும் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத்தான் முதலில் நகர்த்துவார். நான் நடுவில் சிப்பாய்களை அடுக்கி அடைத்துவிடுவேன். காய்கள் லேசில் வெட்டுப்படாது. நிமிர்ந்து முகம் பார்க்கவும் வேண்டியதில்லை.

அன்று விடியலில் பனியும் பாகு வாசனையும் கலந்து, வண்டிகளெல்லாம் மிதப்பதுபோல் இருந்தன. அண்ணன் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளி வைத்தார். ஏனோ அதை வெட்டினேன். நடுப்பலகை திறந்துகொண்டது. சற்று நேரத்தில் அவர் ராணியை நான் வெட்ட, என் ராணியை அவர் வெட்டினார். அதற்குள் வரிசை நகர, அவசரமாக வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் என் வாசலில் அண்ணன் நின்றார். "என் ராணி இன்னாடா ஆச்சு?"

"எங்கியோ வச்சிட்டேண்ணா. உள்ள வா, தேடலாம்."

டீ குடித்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினோம். அதற்கப்புறம் நான் நடுவை அடைத்து ஆடியதே இல்லை.

ராணி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.