பரிசலில் குப்புறப் படுத்த ரஷ்யாக்காரர்

ஒகேனக்கல் போகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எந்த மாதம் போவது, பரிசலில் பயமாக இருக்குமா. இரண்டுக்கும் கடைசியில் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எண்பத்தி நான்காம் வருடம் மாசி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் போய்வந்த கதையை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். நினைவு மட்டும் பிசகாது.

எங்கள் வீடு தருமபுரி மாவட்டத்தில் ஏரியூர் பக்கம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் டாங்கி ரிப்பேர் பார்க்கும் ஹவில்தார். அந்த டாங்கிகள் ரஷ்யாவில் இருந்து வந்தவை. நம் ஆட்களில் கொஞ்சம் பேருக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்து, அந்த நாட்டுக்கே அனுப்பி வேலை பழக்குவதாக ஏற்பாடு. இவரையும் பொறுக்கி எடுத்து வடக்கே ஒரு மொழிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வாத்தியார் ரஷ்யச் சொல்லுக்கு இந்தியில் அர்த்தம் சொல்வாராம். இவர் அந்த இந்தியை மனசுக்குள் தமிழாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஆற்றைத் தாண்ட இரண்டு பாலம். முதல் நாள் இவர் வாயைத் திறந்ததும் வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றோடு வாயை மூடியவர்தான். எழுதச் சொன்னால் முதல் ஆள், பேசச் சொன்னால் சிலை.

அப்போது லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். லீவு முடிந்து போனதும் பேச்சுப் பரீட்சை. தேறினால் ரஷ்யா, தவறினால் பழைய இடத்துக்கே மூட்டை கட்ட வேண்டும். லீவு முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவருடைய அண்ணன், அதாவது என் மச்சாண்டார், வீட்டார் எல்லோரும் இருக்கும்போது கேட்டார்: "ஏன்டா, தமிழே உனக்கு எண்ணி எண்ணித்தான் வருது. ரஷ்யாக்காரங்கிட்ட போயி என்னத்தடா பேசுவ? கையாட்டிக் காட்டுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மிச்சம் வைத்த அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் விடிந்ததும் சொன்னேன். "ஏங்க, ஒகேனக்கல் போயிட்டு வரலாம். இந்த வூட்ல இருந்தா உங்களுக்குப் படிச்சதும் மறந்துடும்."

ஏழு மணி பஸ்ஸில் பென்னாகரம் போய், அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ். பென்னாகரத்தில் இருந்து பதினாறு கிலோமீட்டர், காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். அந்த பஸ்ஸிலும் இவர் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த ஆயா என்னை இடித்தது.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு எந்தச் சாமிய கும்பிடறாரு?"

"பரீட்சைச் சாமிங்க ஆயா."

"நல்ல சாமிதான். சத்தமா கும்பிடச் சொல்லு. அதுக்குக் காது கேக்கோணுமில்ல?"

அங்கே போனதும் நாங்கள் செய்தது, நீங்களும் செய்ய வேண்டியது: கரையிலேயே மீன் வாங்கி, வறுத்துக்கொடுக்கும் அக்காமார்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போய்விடுங்கள். திரும்பும்போது மசாலா ஊறி, வறுவல் சூடாக இருக்கும்.

பரிசல் துறையில் ஒரு அம்பாசிடர் கார் நின்றது. வெள்ளைக்காரர் ஒருவர், அறுபதுக்குப் பக்கம், தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா. கூடவே அவர் மனைவி, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். கார் டிரைவர் பரிசல்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ரஷ்யா இஞ்சினியருங்க. ஆலை வேலைக்கு வந்திருக்காரு. கூட வர்ற மொழிபெயர்ப்பாளருக்கு வயித்தால போகுது, ரூம்லயே படுத்துட்டாரு. காலையில இருந்து நானும் இவங்களும் ஊமை நாடகம்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "எங்க வூட்டுக்காரருக்கு ரஷ்யா பாசை தெரியுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இவர் பார்த்த பார்வையில் மீனே பொரிந்திருக்கும்.

டிரைவருக்குத் தண்ணீர் என்றால் பயம், கரையிலேயே நின்றுகொண்டார். நாங்கள் நாலு பேரும் ஒரே பரிசலில் ஏறினோம். ஆற்றில் கால் மணி நேரம் போயிருப்போம். இவர் வாயைத் திறக்கவே இல்லை. அந்த அம்மா இவரைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். இவர் கழுத்து வேர்த்ததுதான் பதில்.

பரிசல்காரர் துடுப்பைப் போட்டுக்கொண்டே சீண்டினார். "மிலிட்டரி, பேசறதுக்கும் மேலிடத்து உத்தரவு வரோணுமா?"

"சும்மா இருங்கண்ணா" என்றேன். எனக்கே அழுகை வரும்போல் இருந்தது.

இரண்டு பக்கமும் பாறை சுவர்போல் நிற்கும் இடம் வந்தது. தண்ணீர் அங்கே சுழித்து ஓடும். அருவியைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். பரிசல் என்பது பெரிய கூடை. அதில் ஒருவர் நின்றால் எல்லோருக்கும் ஆபத்து. ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. பரிசல்காரர் தமிழில் கத்தினார், கன்னடத்தில் கத்தினார். பெரியவர் தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கையை ஆட்டினார்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. "லஜீஸ்!"

பாறையில் மோதித் திரும்பவும் கேட்டது. பெரியவர் அடுத்த மூச்சில் பரிசலுக்குள் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். தொப்பி தண்ணீரில் போனது. பரிசல் இரண்டு சுற்று சுற்றி நிதானித்தது.

நான் மெதுவாகக் கேட்டேன். "என்னங்க சொன்னீங்க?"

"குண்டு விழுது, படுங்கன்னு அர்த்தம். 'உக்காருங்க'ன்னு சொல்ல எனக்கு அந்த நேரத்துல வரல. பள்ளியில மொதல்ல சொல்லிக்குடுத்ததே நில்லு, படு, கையத் தூக்கு, இதுங்கதான்."

முதலில் சிரித்தது அந்த அம்மா. முந்தானை போல அந்தத் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெரியவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். திக்கித் திக்கித்தான், ஆனால் சொன்னார். அவர் திரும்பக் கேட்டார், இவர் திரும்பச் சொன்னார்.

"பதினேழு வயசுல சண்டைக்குப் போனாராம்" என்று எனக்குச் சொன்னார் இவர். "நாப்பது வருசமா அவருகிட்ட யாரும் அந்த வார்த்தைய சொல்லலியாம். மறந்துபோச்சுன்னு நெனச்சிருந்தாராம்."

எனக்கு அன்றைக்கு வந்த யோசனை இன்னும் தீரவில்லை. ஒரு சொல் மனுசன் உடம்பில் எங்கே குடியிருக்கிறது? காதில் என்றால் யோசித்துவிட்டுப் படுத்திருப்பாரே. தருமபுரிக்காரர் வாயில் இருந்து, இந்திப் பாலம் தாண்டி வந்த சொல். அதுவும் அவருக்குப் புரிந்தது. வகுப்பில் சிரித்தார்களே, அந்த உச்சரிப்போடுதான்.

கரைக்கு வந்ததும் அவர்கள் மூன்று பேரும் மீன் கடையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல் இலை போட்டுவிட்டு நின்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் இவருக்கு ஒரு வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார், மரியாதையாகச் சொல்வது இப்படி என்று. இவர் என்னைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார்: "ஸதீத்யெஸ், பஜாலுஸ்தா." தயவுசெய்து உட்காருங்கள் என்று அர்த்தமாம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் சாப்பிட்டு முடிக்காமல் நான் உட்கார்ந்தது அன்றுதான். கடைக்கார அக்கா கேட்டது: "என்னம்மா, மந்திரம் போட்டாரா உன்னய?"

பேச்சுப் பரீட்சையில் தேறினார். பத்து மாதம் அந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தார்.

இனி உங்களுக்கு. வெயில் காலத்துக்கு முன்னால் போனால் தண்ணீர் அளவாக இருக்கும், பரிசல் தாராளமாக ஓடும். வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, துறையில் எழுதிப் போட்டிருப்பதை மட்டும் கொடுங்கள். பாதுகாப்பு உடை கொடுத்தால் அழகு பார்க்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்கும். மாற்றுத் துணி அவசியம். பயமாக இருக்குமா என்றால், உட்கார்ந்தே இருந்தால் இருக்காது. படம் எடுப்பதும் உட்கார்ந்தபடிதான்.

ஒன்று விட்டுப்போனது. ரஷ்யாவில் இருந்து இவர் திரும்பிய அன்று மச்சாண்டார் மாலையோடு வந்தார். "எங்க தம்பி ரஷ்யா பேசறவன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, "ஸதீத்யெஸ், பஜாலுஸ்தா" என்றார். இவர் நல்ல மனுசன், எதையும் மனசில் வைக்கமாட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. மச்சாண்டாருக்கு இப்போது தொண்ணூறு வயது. இன்றும் வருவார், அவராகவே உட்கார்ந்துகொள்வார்.