ஒரே நாவலுக்கு இரண்டு மதிப்புரைகள்

பார்சலின் பழுப்புத் தாளை அவர் ஒருநாளும் கிழித்ததில்லை. நூல் முடிச்சை நகத்தால் அவிழ்த்து, தாளை மடித்து வைத்த பிறகுதான் உள்ளிருக்கும் புத்தகத்தைத் தொடுவார். மலாயாவில் ரயில் உத்தியோகம் பார்த்து, பென்சனோடு கோப்பாய்க்குத் திரும்பியவர். எங்கள் வாரப் பத்திரிகைக் கந்தோரில் அவரை ஸ்ரேசன் மாஸ்ரர் என்போம். சுமாத்திராவிலும் பத்தாவியாவிலும் புதிதாக அச்சாகும் மலாய் நாவல்களைப் பினாங்குச் சிநேகிதர் ஒருவர் அவருக்குக் கப்பலில் அனுப்புவார். மாஸ்ரர் அவற்றுக்குத் தமிழில் மதிப்புரை எழுதுவார். புத்தகப் பக்கம் என் பொறுப்பு. அந்த நூல்களை யாழ்ப்பாணத்தில் யாரும் வாசிக்கப் போவதில்லை என்பதால், கதையின் முடிவையும் மறைக்காமல் சொல்லிவிடுவார். வாசகர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

ஒரு நாவலை மட்டும் அவர் அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தார். படித்த பெண்ணொருத்தியைத் தகப்பன் தூரத்து ஊர் வியாபாரிக்குக் கட்டிக்கொடுக்கிறான். அவள் மெல்ல மெல்லப் பேச்சை விட்டு, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோகிறாள். இக்கதைக்கு வேறு முடிவு இருக்க முடியாது, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் அறிய வேண்டியது என்று எழுதியிருந்தார். அதே மாதந்தான் தம் ஒரே மகளை, மலாயாவில் தலைமைக் கிளாக்கராயிருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு நிச்சயம் செய்தார். மாப்பிள்ளைக்கு மாஸ்ரரைவிடச் சில வயதுதான் குறைவு.

"கதையிலை அந்தத் தேப்பனைக் கிழிச்சுப்போட்டு, நீங்களும் அதைத்தானே செய்யிறியள் மாஸ்ரர்?" என்றேன், பகிடி போல.

அவர் சிரித்தார். "அது சுமாத்திராக்காரன்ரை புத்தி தம்பி. நான் கவுண்மேந்து உத்தியோகமெல்லோ பாத்துக் குடுக்கிறன்."

மகள் கப்பலேறினாள். அடுத்த வருடம் அவள் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. காய்ச்சல் என்று மட்டும் இருந்தது. அதற்குப் பல மாதம் முன்பிருந்தே அவள் யாரோடும் கதைப்பதில்லை என்று, அங்கிருந்து வந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

மகளுக்கான செலவு வீட்டுச் சடங்கு கழிந்து சில வாரத்தில் மாஸ்ரர் கந்தோருக்கு வந்து, எழுதிய தாள்களை என் மேசையில் வைத்தார். அதே நாவலுக்கு இன்னொரு மதிப்புரை. முடிவு செயற்கையானது, வாசகரை அழவைக்கவென்றே ஆசிரியர் அந்தப் பெண்ணைச் சாகடித்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

"முந்தி நல்லதெண்டு எழுதினியளே" என்றேன்.

"பிழையா வாசிச்சுப்போட்டன். கலியாணம் கட்டினதுக்காக ஒரு பிள்ளை அப்பிடிச் சாகாது தம்பி. இதைப் போடும்."

ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட்டோம். அதன்பின் அவர் எதுவும் எழுதவில்லை.

இப்போது என் மகளுக்குக் கலியாண வயது வந்திருக்கிறது. போன கிழமை கொழும்பு உத்தியோகத்தர் ஒருவரின் பகுதியார் பெண் கேட்டு வந்து போனார்கள். நல்ல மனிதர்கள். விருப்பமா என்று மகளைக் கேட்டேன்.

"உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி ஐயா" என்றாள்.

தாய்க்கு அது போதுமாயிருந்தது. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. இரண்டாந்தரம் கேட்டேன், அதையே சொன்னாள். வேறு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.