முனியாண்டியின் முழங்காலும் ராமன் மைக்ராஸ்கோப்பும்

1. கல்

முனியாண்டியின் முழங்காலை உளி வைத்துப் பெயர்த்தவள் நான்தான். தெரிந்து செய்யவில்லை. ஆனால் மலேசியத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாமிக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜொகூர் பாருவில் ஒரு லேப்பில் உதவியாளராக இருந்தேன். பாறைமேல் வளரும் கரும்பூஞ்சையில் என்ன நிறமி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ராமன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பச்சை லேசரை அடித்தால், திரும்பி வரும் ஒளி கணினியில் கோடாக விழும். கறுப்பு நிறமியான மெலனின் இருந்தால் இரண்டு மொத்தையான மேடுகள் தெரியும். கேரட்டில் இருக்கிற ஆரஞ்சு நிறமி, கரோட்டினாய்டு, இருந்தால் மூன்று கூரான பீக் வரும். லேசரைக் கொஞ்சம் கூட்டினாலும் பூஞ்சை கருகிவிடும். முதல் வாரத்தில் நான் ஒன்பது சாம்பிளைக் கருக்கிப் போட்டேன்.

அந்த ஆண்டு மேலிடத்தார் இந்த மைக்ராஸ்கோப் மிஷினைக் கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். இங்கே என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க வியாழக்கிழமை மூன்று பேர் வருவதாக ஏற்பாடு. மிஷின் போனால் என் வேலையும் போகும். என் வயதுக்கு எவன் வேலை தருவான்?

அந்த அவசரத்தில் கோத்தா திங்கியில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பாறையைப் பார்த்தேன். வெள்ளம் வடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. கன்னங்கரேல் என்று மினுமினுத்தது. பூஞ்சை நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன். லேசர் அடித்தால் மூன்று பீக், ஊசி மாதிரி. கரும்பூஞ்சையில் நாங்கள் அதுவரை பார்க்காதது.

எங்கள் டாக்டர் மகேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பரமேஸ்வரி, கறுப்புச் சட்டைக்குள்ள ஆரஞ்சு பனியன்! பொழச்சோம்!"

2. புதன்கிழமை

மறுநாள் லேப் வாசலில் வந்து நின்றவர் அந்தத் தோட்டத்துப் பாமாயில் மில்லில் லாரி ஓட்டும் சின்னசாமி அண்ணன். எங்கள் வேனில் எழுதியிருந்த பெயரை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க முனியாண்டியோட முழங்கால எடுத்துட்டு வந்தது யாரும்மா?"

பயத்தை மறைக்கக் கத்தினேன். "சூலம் எங்கண்ணே? துணி எங்க? எனக்கு எப்படித் தெரியும்?"

"சூலத்த வெள்ளம் கொண்டுபோயிருச்சு. புதுசுக்கு குளுவாங் டவுன் கடைல சொல்லியிருக்கோம். அதுக்காக சாமி இல்லன்னு ஆயிருமா? எண்ணெ வாரந்தவறாம தடவிட்டுத்தான் இருக்கோம்."

"என்ன எண்ணெ?"

"மில்லு எண்ணெதான் லா. சுத்தம் பண்ணாதது. செவப்பா இருக்குமே."

போச்சு. பாமாயிலின் சிவப்பே கரோட்டினாய்டுதான். வெளியே அவர் லாரியில் இருந்த போத்தலை வாங்கி ஒரு சொட்டை லேசரில் வைத்தேன். அதே மூன்று பீக், அதே இடத்தில்.

"அலமாக்," என்று மலாயில் ஐயையோ போட்டார் டாக்டர். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எண்ணெ விஷயத்த நாளைக்கு ஒரு நாள் சொல்லாம இருந்துருவமா?"

"மிஷினோட உங்க பேரும் போகணுமா டாக்டர்? எண்ணெயக் கழுவிட்டு மறுபடி பாப்போம்."

எண்ணெய் எடுக்க ஹெக்ஸேன் என்ற கரைப்பான் வேண்டும். சின்னசாமி அண்ணன் ஒப்பவில்லை. "சாமிய சும்மா கழுவக் கூடாதும்மா. அபிஷேகம்னா முறையா செய்யணும். காலைல குளிச்சிட்டு வரேன்."

3. அபிஷேகம்

வியாழக்கிழமை அந்த மூன்று பேர் கதவைத் திறந்தபோது பார்த்தது இதுதான்: கண்ணாடித் தட்டில் முழங்கால், அதன்மேல் நான் ஹெக்ஸேன் ஊற்றுகிறேன். பக்கத்தில் வேட்டிமேல் லேப் கோட்டும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொண்டு சின்னசாமி அண்ணன் மணி அடிக்கிறார். சட்டென்று பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார்.

"கொளுத்தாதீங்கண்ணே! ஹெக்ஸேன் பத்திக்கும்! லேபே போயிரும்!"

"தீபாராதனை இல்லாம எப்படிம்மா?"

டாக்டர் காய்ந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து லேசரைப் போட்டார். திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

மூன்று பீக்கும் இல்லை. இரண்டு மேடு மட்டும். வெறும் மெலனின்.

டாக்டர் வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவியாக வந்த அம்மா ஒரே கேள்வி கேட்டார்: கல்லை எடுக்கும்போது அங்கே யாரையும் விசாரிக்கவில்லையா? இல்லை என்றேன். அழுகை வந்துவிட்டது.

அதற்குள் அண்ணன் கழுவிய துண்டைக் கையில் எடுத்து, "வறண்டு போயி, இதா எங்க சாமி?" என்று போத்தலைத் திறந்து எண்ணெய் தடவிவிட்டார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. மிஷின் இங்கேயே இருக்கலாம். செய்த தவற்றை மறைக்காமல் சொன்னதால் இந்த முடிவு, ஆனால் சாம்பிள் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. முழங்காலை நானே எபாக்சி பசை வைத்துப் பாறையில் ஒட்டினேன். கொஞ்சம் கோணல். "பரவாலம்மா, நம்ம வயசுக்கு எல்லாருக்கும் முட்டி அப்படித்தான்," என்றார் அண்ணன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கிறது: "இந்தக் கல்லை யாராவது கும்பிடுகிறார்களா? ஆம் எனில், என்ன தடவுகிறார்கள்?" புதிதாக வருகிற பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். உளியைக் கையில் எடுக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வந்து சிரிக்கட்டும்.